அனோஜனின் அம்புமுனை

பன்றித் தலையை யாருக்குக் கொடுப்பது என்பது பற்றி உடையார்கட்டுக் கமக்காரரிடையே ஒருபோதும் வாக்குவாதம் எழுந்ததில்லை. எவருடைய அம்பினால் பன்றி விழுந்ததோ அவருக்கே தலை. பயிரைக் கிண்டும் பன்றிகளுக்குக் காவலாக வந்து நின்ற மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கூறு. அன்று விடியற்காலையிலும் மூத்தவரான சிற்றம்பலத்தார் தேக்கிலைகளை நிலத்தில் விரித்து இறைச்சியைக் கூறு பிரித்தார். பின்னர் தலையை இரு கைகளாலும் தூக்கி அனோஜனிடம் நீட்டினார்.

“இது மூண்டாவது தலை, தம்பி. இனி உனக்கு ஒரு பெரிய சட்டி வேணும்.”

கூடி நின்ற அனைவரும் சிரித்தனர். கோகுலனும் சிரித்தான். ஆயினும் அச்சிரிப்பு அவனுடைய உதடுகளோடு நின்றுவிட்டது. அதே பருவத்தில் அவனும் மூன்று பன்றிகளின் மீது அம்பு எய்திருந்தான். மூன்றும் அம்பு பட்டவுடன் உறுமிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மறைந்தன. இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து சென்றால் ஐம்பது அடி தூரத்திலேயே துளிகள் நின்றுபோய்விடும்.

அவனை வாட்டியது இறைச்சிக் கணக்கன்று. அனோஜனின் கையில் இருந்த வில்லே கோகுலன் கொடுத்த வில்தான். கனடாவிலிருந்து வந்திருந்த தமையன் இரண்டு விற்களைக் கொண்டுவந்தபோது, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை நண்பனுக்கு மனமுவந்து கொடுத்தவன் அவன். தமையன் கொண்டுவந்த, வெட்டும் அலகுகள் மூன்று கொண்ட பளபளப்பான அம்புமுனைகளை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டான். அனோஜனோ புதுக்குடியிருப்பிலுள்ள ஒரு வெல்டிங் கடையில், பழைய லொறியின் வில்லுத்தகட்டை வெட்டி, இரண்டு அலகு கொண்ட எளிய முனைகளைச் செய்வித்திருந்தான். பார்ப்பதற்கு அவை அரசிலையைக் கறுப்பாக வார்த்தது போலிருக்கும். அந்தக் கறுப்பு இலைகளுக்கே பன்றிகள் விழுந்தன.

தன் பங்கை எடுத்துக்கொண்டு அவன் வீடு திரும்பியபோது, மனைவி ஜெயரூபி குசினி வாசலில் நின்றாள்.

“இண்டைக்கும் அனோஜனோ?”

“ஓம்.”

“நான் நினைச்சனான்,” என்று கூறி அவள் புன்னகைத்தாள்.

அப்புன்னகைதான் அவனுடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஜெயரூபியும் அனோஜனும் கிளிநொச்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊரில் எல்லோரும் அவளை ஜெயா என்று அழைக்க, அனோஜன் மட்டும் ‘ரூபி’ என்பான். திருமணமாகி ஒன்பது ஆண்டுகளாகியும் அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கக் கோகுலனுக்கு நா எழவில்லை. பிறர் உடுத்துக் களைந்த சட்டையைப் போல அது அவனுக்குத் தோன்றியது. பெண் கொடுக்க வந்தவர்கள் பலர் திரும்பிப் போக, அனோஜன் இன்னும் மணமாகாதிருந்ததும் அவனுக்கு உறுத்தலாகவே இருந்தது.

பல நாள் யோசித்த பின்னர், தோல்விக்குக் காரணம் சத்தமே என்ற முடிவுக்கு அவன் வந்தான். அவனுடைய முனைகளின் ஒவ்வொரு அலகிலும் ஒரு துவாரம் இருந்தது. அத்துவாரங்களின் ஊடாகக் காற்றுப் புகுந்து சீழ்க்கை அடிக்கிறது. அதைக் கேட்ட பன்றி துள்ளி விலகுகிறது. அம்பு இடம் மாறிப் படுகிறது. இவ்வாறு எண்ணியதும் அவனுக்குப் பெரும் ஆறுதல் உண்டாயிற்று. தன்னுடைய கையிலும் குறியிலும் குற்றமில்லை அல்லவா?

இதனை நிரூபிப்பதற்காக ஒரு மாலையில் அனோஜனை அழைத்தான். வளவின் எல்லையில் மணல் நிரப்பிய யூரியாப் பை ஒன்றை இலக்காக வைத்தனர். அதற்குச் சிறிது பக்கமாக நின்ற பருத்த பாலை மரத்தின் பின்னே கோகுலன் மறைந்து நின்று செவியைத் தீட்டிக்கொண்டான்.

“மச்சான், முதல்ல என்ர அம்பை விடு. பிறகு உன்ரயை விடு.”

“உந்த மணலுக்குள்ளயோ? நல்ல முனையை மணலுக்குள்ள விட எனக்கு மனம் வருகுதில்லையடா. பழகுறதுக்கு நான் ஆணிமுனைதான் போடுறனான்.”

“நான் எப்பவும் இதிலதான் பழகுறன். விடு.”

கோகுலனின் அம்பு கருவண்டு போல இரைந்துகொண்டு சென்றது. அடுத்துச் சென்ற அனோஜனின் அம்பும் அமைதியாகச் செல்லவில்லை. அதன் வால்புறத்திலிருந்த அகன்ற இறகுகள் சீலை கிழிவது போல ஓசை எழுப்பின. நாண் எழுப்பிய அதிர்வோ இரண்டையும்விட முந்தி வந்து சேர்ந்தது. இவையனைத்தும் கோகுலனின் காதில் விழுந்தன. ஆயினும் பொறாமை கொண்டவனின் காது தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும்.

“கேட்டியோ? உன்ரயில சத்தமே இல்லை.”

தேத்தண்ணியுடன் வந்த ஜெயரூபி, மரத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கணவனைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“பண்டி மாதிரியே நிக்கிறியள். மண்ணைக் கிண்டாதது ஒண்டுதான் குறை.”

“விடும் ரூபி, அவன் ஆராய்ச்சி செய்யிறான்,” என்றான் அனோஜன். இருவரும் சேர்ந்து சிரித்தனர். தேத்தண்ணி கோகுலனுக்குக் கசந்தது.

மறுநாள் அவன் ஈயத்தை உருக்கி, அலகுகளின் துவாரங்கள் அனைத்தையும் அடைத்தான். அம்பின் இரைச்சல் நின்றுவிட்டது. ஈயத்தின் பாரம் அலகுக்கு அலகு வேறுபட்டதால், அதனுடன் அதன் நேர்ப்போக்கும் நின்றுவிட்டது என்பதை அவன் அறிந்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும் வேளையில், அவனுடைய கச்சான் தோட்டத்தில் நான்கு நிலக்கடலை வரிசைகளைக் கிண்டிப் புரட்டிவிட்டு, ஒரு பெரிய ஆண் பன்றி அவனுக்குப் பதினைந்து அடி தூரத்தில் வந்து நின்றது. அவன் எய்தான். அம்பு நடுவழியில் தலையை ஆட்டிக்கொண்டு பக்கவாட்டில் சென்று, வேலிக் கட்டையில் குத்தி நின்றது. பன்றி எதிர்ப்புறமாகப் பாய்ந்தது. அங்கே அனோஜன் இருந்தான். நாணின் ஒலி ஒன்று. அதன் பின் இருபது அடி ஓட்டம். பின்னர் பற்றைக்குள் ஏதோ சாய்ந்து விழும் ஓசை.

“கோகுலன், அம்பை இழுத்தெடுத்துக் கழுவு தம்பி,” என்றார் சிற்றம்பலத்தார்.

கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைச் சரித்து அவன் முனையைக் கழுவினான். கழுவிக்கொண்டிருந்தவனின் கை நின்றது. இரண்டு விளிம்புகளும் மெல்லிய வெள்ளி நூல் போல மின்னின. அவற்றின் அடிப்பகுதியில், இரு புறமும், சரிவாக ஒரு சிறு வெட்டுத் தடம் தெரிந்தது. தீட்டி முடிந்தபின் அலகைத் திருப்பி, அடியில் ஒருமுறை எதிர்ப்பக்கமாக இழுப்பவரின் தடம் அது. அத்தடத்தை அவன் நாள்தோறும் தன் வீட்டு மீன் கத்தியில் கண்டிருக்கிறான்.

இரணைமடுக் குளத்து மீனை விற்ற தந்தையாருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே கத்தி தீட்டிக் கொடுத்தவள் ஜெயரூபி. திருமணமான புதிதில் அவள் ஒருநாள் அவனுடைய அம்பையும் கையிலெடுத்தாள். “வைரவற்ற சூலத்தடியில வைச்செடுத்த சாமான். பொம்பிளையள் தொடக்கூடாது,” என்று கூறி அவன் அவளுடைய கையைத் தட்டிவிட்டான். அன்றிலிருந்து அவள் அவனுடைய அம்புகள் சாத்தியிருக்கும் மூலையைக் கூட்டுவதுமில்லை.

தன் பங்கையும் வாங்காமல் அவன் வீட்டுக்கு நடந்தான்.

“இண்டைக்கும் அனோஜன்தான். அவன்ர முனையை ஆர் தீட்டினது?”

மீன் செதில் உரசிக்கொண்டிருந்த ஜெயரூபி நிமிரவில்லை. “நான்தான்.”

“எப்ப?”

“நீங்கள் தோட்டத்துக்குப் பசளை எடுக்கப் போன அண்டைக்கு. பிறகும் ரெண்டு தரம்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. அவர் வந்து, ‘ரூபி, ஒருக்காத் தீட்டித் தாரும்’ எண்டு கேட்டார். குடுத்தன்.”

“அவனும் வைரவரடியில வைச்சுத்தானே அம்பை எடுத்தவன்? பொம்பிளைக் கை படலாமோ?”

“என்ர கை பட்டுத்தான் நாலு பண்டி விழுந்திருக்கு. வைரவர் கோவிச்ச மாதிரித் தெரியேல்லை.”

தன் தோல்விக்குக் காரணம் என்னவென்று கோகுலனுக்கு இப்பொழுது விளங்கியது. சத்தமுமில்லை, துவாரமுமில்லை, மணற்பையில் எய்து எய்து மழுங்கிப்போன முனையைத்தான் கனடாச் சாமான் என்று நம்பிக்கொண்டிருந்தான். அந்த உண்மையைவிட, மூன்று பகல்கள் தன் மனைவி இன்னொருவனின் அம்பை மடியில் வைத்துத் தீட்டினாள் என்ற எண்ணமே அவனை எரித்தது.

“இனிமேல் அவன்ரயைத் தொடாதை.”

“தொடமாட்டன். அங்க சாகாத பண்டி எங்கட கச்சானுக்குத்தான் வரும். அது பரவாயில்லையோ?”

அவன் மூலையில் சாத்தியிருந்த தன் அம்பொன்றை எடுத்துவந்து அவளருகே வைத்தான். “அப்ப, எனக்குக் காட்டித் தா,” என்றான்.

அப்பொழுதுதான் அவள் நிமிர்ந்தாள். “முதல்ல அந்த ஈயத்தைக் கிண்டி எடுங்கோ,” என்றாள்.

மூன்றலகு முனையை ஒரு வேளையில் இரண்டிரண்டு விளிம்புகள் படியுமாறு கல்லில் படுக்கவைத்துத் தள்ள வேண்டும் என்பதை அன்று அவன் கற்றான். இரண்டலகு முனையின் சாய்வு மாறாமல் கையை வைத்திருப்பதே கடினம் என்பதை, வீட்டிலிருந்த கத்திகள் அனைத்தையும் பாழாக்கி, ஒரு கிழமையில் கற்றான். இரு விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்த இறப்பர் பட்டியின் மேல் அலகை இலேசாக வைத்து இழுக்கும்போது அது அறுந்துவிட்டால், விளிம்பு சரி, வழுக்கினால் சரியன்று.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், அனோஜன் நான்கு முனைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தான்.

“ரூபி நிக்கிறாவோ?”

ஜெயரூபி குசினியிலிருந்து வெளிப்படுவதற்குள், கோகுலன் அப்பொட்டலத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டான். “தா. நான் தீட்டித் தாறன்.”

“நீயோ? மச்சான், அது விளையாட்டுச் சாமானில்லை.”

“இரடா.”

முதலாவது முனையைக் கல்லில் வைத்தபோது, அவனுள்ளே ஓர் எண்ணம் எழுந்தது. கடைசி இழுப்பில் கையைச் சற்று நிமிர்த்தினால் போதும், விளிம்பு மடிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. பன்றி அம்போடு ஓடிவிடும். தலை கைமாறும். அவனுடைய பெருவிரல் அந்தச் சாய்வைத் தானாகவே தேடியது. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்து, போன ஆண்டு ஒருவரின் தொடையைக் கிழித்ததும் அவனுக்கு நினைவு வந்தது. ஆயினும், உண்மையைச் சொல்வதானால், அவனைத் தடுத்தது அந்த இரக்கமன்று. அம்பு பிழைத்தால் அனோஜன் எல்லோர் முன்னிலையிலும் என்ன சொல்வான் என்பது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது: ‘இந்த முறை ரூபி தீட்டேல்லை. அதுதான்.’

அந்தச் சொல்லைக் கேட்பதைவிடத் தலை அனோஜனுக்கே போகட்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னுடைய சொந்த அம்புக்குக் கூடக் காட்டாத கவனத்துடன் அவன் தீட்டினான். இறப்பர் பட்டி முதல் இழுப்பில் வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. மூன்றாம் முறை, மெல்லிய ஒலியுடன் இரண்டாக அறுந்து விழுந்தது.

பெருமையுடன் அவன் தலையை நிமிர்த்தினான். பார்ப்பதற்கு அங்கே ஒருவருமில்லை. மாமரத்தின் கீழ், இரண்டு கதிரைகளில், அனோஜனும் ஜெயரூபியும் ஆறுதலாக அமர்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தனர். பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் யாரையோ பற்றிய கதை. முன்பெல்லாம் கல்லோடும் அரத்தோடும் குனிந்திருந்த அவளுடைய கைகள் இப்பொழுது ஓய்வாக இருந்தன. அவற்றை ஆட்டி ஆட்டி அவள் அந்த வாத்தியாரைப் போலவே நடித்துக் காட்டினாள். அனோஜன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

கோகுலனின் முன்னே இன்னும் மூன்று முனைகள் கிடந்தன. அவற்றை விட்டெழுந்தால் கற்றதெல்லாம் வீண். இருந்து தீட்டினால் அந்தக் கதை பொழுதுபடும்வரை நீளும். அவன் இரண்டாவது முனையை எடுத்தான். வைத்தான். மீண்டும் எடுத்தான்.

“இஞ்ச ஒருக்கா வந்து பார்,” என்று கூப்பிட்டான். அவள் கதையை நிறுத்தவில்லை. அவன் குரலை உயர்த்தினான். “ரூபி!”

கதை அறுந்தது. அனோஜன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நண்பனை வியப்புடன் நோக்கினான். ஜெயரூபி எழுந்து வந்து, கல்லின் அருகே கணவனுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

“என்ன?”

“இந்தச் சாய்வு சரியோ எண்டு பார்.”

அவள் முனையைப் பார்க்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பின்னர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுத் தாழ்த்தினாள்.

“இன்னும் கொஞ்சம் படுக்க விடுங்கோ,” என்றாள். அங்கிருந்து அவள் எழுந்து போகவில்லை.