ஒட்டிக்கொண்டிருந்த மூலை

நகராட்சி சுகாதாரப் பிரிவில் அவளுக்குக் குப்பை ஜோசியர் என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது. அவளும் அதைப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டாள். கண்ட இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்களை அவர்கள் கொட்டியதை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டையைப் பிரிப்பாள். மருந்துச் சீட்டு, கூரியர் உறை, பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு என்று ஏதாவது ஒன்று விலாசத்தைக் கக்கிவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டு வாசலில் அபராதப் புத்தகத்தோடு நிற்பாள். பிடிபட்டவர்களின் பெயர் மாதம் பிறந்ததும் நகராட்சி வாசலில் இருக்கும் பலகையில் ஏறும். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்து, தெரிந்த பெயர் இருந்தால் ஒரு சுற்றுச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கண்ணாடிப் பையும் அவள் யோசனைதான். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையில் கட்டிக் கொடுத்தால்தான் வண்டிக்காரர் குப்பையை வாங்க வேண்டும் என்று போன வருடம் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னாள். காய்கறித் தோலுக்கு அடியில் உடைந்த பாட்டிலை ஒளித்துவைக்கிற கெட்டிக்காரத்தனமெல்லாம் அதோடு ஒழிந்தது. ஆணையரே எழுந்து கைதட்டினார். அன்றைக்கு அவள் முதலில் போன் செய்தது அக்காவுக்கு. அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விட, இவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அக்காதான்.

அந்த அக்கா மூன்று மாதமாக இவளை வீட்டுப் பக்கம் வரவிடவில்லை. ஊரின் அந்தக் கோடியில்தான் வீடு. முதலில் மாமாவின் சொந்தத்தில் கல்யாணம், வெளியூர் போகிறோம் என்றாள். அப்புறம் பெயிண்ட் அடிக்கிறோம் என்றாள். அதற்கப்புறம் தரைக்குக் கல் பதிக்கிறோம் என்றாள். மூன்று மாதம் கல் பதிக்க அதென்ன அரண்மனையா? போனில் மட்டும் தினமும் பேசுவாள், சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்பாள். நாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்து யோசித்து இவளுக்கு மண்டை காய்ந்தது. வா என்று வாயால் சொல்கிறவரை போவதில்லை என்று வீம்பும் பிடித்துக்கொண்டாள். வீம்பு பகலில் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அழுகை வரும்.

இந்தச் சமயத்தில்தான் கால்வாய்க் கரையில் வாராவாரம் வியாழக்கிழமை ஒரு மூட்டை வர ஆரம்பித்தது. நான்கு மூட்டைகளைப் பிரித்தும் ஜோசியம் பலிக்கவில்லை. விலாசம் உள்ள காகிதம் ஒன்றுகூட இல்லை. மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயரைக்கூடச் சுரண்டியிருந்தது. மற்றதெல்லாம் பெரியவர்களுக்கான டயப்பர். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் மடித்து, டேப் ஒட்டி, அடுக்கிவைத்திருந்தது. இத்தனை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த ஆளுக்கு வண்டியில் கொடுக்க என்ன கேடு என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

ஐந்தாவது மூட்டையின் அடியில் நான்கு பால் பாக்கெட்டுகள் இருந்தன. கழுவி, காயவைத்து, தட்டையாக மடித்தவை. எல்லாவற்றிலும் மூலையை முழுசாக வெட்டி எடுக்காமல், துணுக்கு பாக்கெட்டோடே ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டிருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அந்தத் துணுக்குதான் சாக்கடைச் சல்லடையில் போய் அடைத்துக்கொள்கிறது, அதனால் முழுசாக வெட்டாதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்து அதைக் கேட்டது ஒரே ஒரு வீடு. முழுசா வெட்டினா உன் வேலை போயிடுமாடி என்று கிண்டலடித்துக்கொண்டே கேட்ட வீடு. மூட்டையின் வாயைக் கட்டியிருந்த துணி நாடாவை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். தையல் வகுப்பில் மிஞ்சுகிற ஓரத்துணி. அக்கா பத்து வருடமாக வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். டயப்பர் யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவே இவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வியாழன் காலை பதினொரு மணிக்குப் பம்பு அறைக்குப் பின்னால் நின்றாள். கரையில் ஈ காக்கை இல்லை. ஸ்கூட்டர் வந்தது. மாமா இறங்கி, காய்கறிப் பைக்குள்ளிருந்து மூட்டையை எடுத்தார்.

"மாமா."

அவர் ஓடவில்லை. மூட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மூன்று மாதத்தில் பாதி ஆளாகியிருந்தார்.

"எழுதிக்கோம்மா," என்றார். "பேர் உனக்குத் தெரியும்ல."

"யாருக்கு மாமா?"

"உங்க அக்காவுக்கு."

கரைக்கல்லில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணம் என்று சொன்ன வாரம் உண்மையில் ஆஸ்பத்திரி. குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி, ஆபரேஷன். காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. மற்றதற்கு நாளாகும் என்கிறார் டாக்டர். எல்லாவற்றையும் மாமாதான் செய்கிறார். தெரு முழுக்கப் பார்க்கிற மாதிரி கண்ணாடிப் பையில் இதைக் கொடுத்தால், தன்னிடம் தையல் படித்த பெண்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அக்கா அழுதிருக்கிறாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவ விடல. அது என் தங்கச்சி கொண்டுவந்த பை, ஊரே அவளை மெச்சுது, எனக்காக அவ ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டுப் பேரைக் கெடுத்துக்க வேண்டாம்னா."

அவள் அபராதப் புத்தகத்தை எடுத்தாள். மாமாவின் பெயரையும் விலாசத்தையும் எழுதினாள். எல்லோரும் வெறுமையாக விடுகிற காரணம் என்ற கட்டத்தில் பொடி எழுத்தில் நிரப்பினாள்: உள்ளே இருப்பது தெரியும் பை. நோயாளி உள்ள வீட்டை நினைக்காமல் அதைக் கொண்டுவரச் சொன்னது நான். இந்தப் பெயர் பலகையில் ஏறினால் அதன் கீழ் என் பெயரும் ஏற வேண்டும். உள்ளே தெரியாத பையைக் கேட்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் வெட்கப்பட்டு யாரும் கேட்க மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் மாதம் சில கறுப்புப் பைகள் கொடுக்க வேண்டும். மாமா அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள். வீட்டில் பெயிண்டும் இல்லை, புதுக் கல்லும் இல்லை. தையல் மிஷின்கள் உறை போட்டு ஓரமாக நின்றன. அக்கா கட்டிலில் இருந்தாள். தங்கையின் சீருடையைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஊர்க் குப்பையெல்லாம் பிரிச்சே. கடைசியில என்னோடதையும் பிரிச்சுட்டியாடி?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒன்பது வயசு வரைக்கும் நான் நனைச்ச படுக்கையை அலசினது யாரு, அக்கா?"

விடிகிறதற்கு முன்னாலேயே எழுந்து, சத்தம் போடாமல் அலசி, தெருவுக்குத் தெரியாமல் அறைக்குள்ளேயே காயப்போட்டவள் அக்கா. அம்மா கேட்டால், என் கை பட்டுத் தண்ணி கொட்டிடுச்சு என்பாள். அத்தனை வருடமும் கைப்பதட்டக்காரி என்று திட்டு வாங்கியவளும் அவள்தான்.

"யார்கிட்டயாவது சொன்னியா நீ? நானும் சொல்ல மாட்டேன். ஆனா தினம் வருவேன். வராதேன்னு மட்டும் சொல்லாதேக்கா."

சுவரைப் பார்த்தபடியே அக்கா கையைப் பின்னால் நீட்டினாள். இவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாமா பெயர் பலகையில் வருமா என்று கேட்டாள்.

"வந்தா என் பேரோடதான் வரும்."

"அப்போ பெருசா எழுதச் சொல்லு. எங்க கல்யாணப் பத்திரிகையிலயே அவர் பேரைப் பொடியா போட்டாங்கன்னு இன்னும் புலம்பறார்."

வாசலில் பன்னிரண்டு மணிக் குப்பை வண்டியின் மணி கேட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பற்றிய குப்பையைப் போட்டு எடுத்துப்போகும் தடித்த கறுப்புப் பையைத் தோள்பையிலிருந்து உருவினாள். அக்காவின் மூட்டையை அதற்குள் வைத்து, அதே ஓரத்துணி நாடாவால் வாயைக் கட்டினாள்.

தெருவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் கண்ணாடிப் பைகளோடு நின்றார்கள். வண்டிக்கார அம்மா கறுப்புப் பையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மேடம், கேஸா? யார் வீட்டுது?"

"எங்க வீட்டுது," என்றாள் அவள்.