ஐந்து மணிக் கையெழுத்து

எங்கள் மருத்துவமனையில் பயிற்சி டாக்டர்கள் தினமும் சரியாக ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். காகிதத்தில். வாசல் மேசையில் இருக்கும் பதிவேட்டில் 'வெளியேறிய நேரம் 5.00' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இறங்கி வந்த படியிலேயே ஏறி வார்டுக்குத் திரும்பிவிடுவோம். அதிக நேரம் வேலை வாங்கினால் நிர்வாகத்துக்கு அபராதம் என்று சட்டம் வந்ததும் பிறந்த வழக்கம் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே என்பார்கள். நாங்கள் தினமும் பதினொன்று மறைத்தோம், ஆளுக்கொன்று.

ஐந்துக்கு மேல் கம்ப்யூட்டரும் எங்களை உள்ளே விடாது. அதனால் மருந்தை வாயால் சொல்வோம். நர்ஸ் தன் பெயரில் பதிந்துகொண்டு கொடுப்பார்.

செவ்வாய்க்கிழமை, நான் தொடர்ந்து வேலை செய்த முப்பதாவது மணி நேரத்தில், ஆறாம் படுக்கைக்குப் போட வேண்டிய இன்சுலினை ஒன்பதாம் படுக்கைக்கு என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் ஊசியோடு நின்று என்னைப் பார்த்தார்.

"ஒன்பதா டாக்டர்? அவருக்குக் காலையில சுகர் கம்மியாத்தானே இருந்துச்சு?"

"புது ரிப்போர்ட் பாத்துட்டுத்தான் சொல்றேன். எத்தன தடவ சிஸ்டர் சொல்றது?"

நான் பார்த்தது ஆறாம் படுக்கையின் ரிப்போர்ட். அந்தக் குரலும் என்னுடையதல்ல. என்னை அதட்டுபவர்களிடம் வாங்கியது. ஆனால் வாய் என்னுடையதுதான்.

ஒரு மணி நேரத்தில் ஒன்பதாம் படுக்கைக்காரர் வியர்த்துக் கொட்டி நினைவிழந்தார். முதலில் பார்த்தது சிஸ்டர். ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றியதும் அவர்தான். மனிதர் பிழைத்துக்கொண்டார். அவருடைய மகன் புகார் கொடுத்தார். கம்ப்யூட்டரில் சிஸ்டரின் பெயர் மட்டும் இருந்தது. பதிவேட்டின்படி நான் அப்போது வீட்டில் இருந்தேன்.

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அந்தக்காலம்'. மறுநாள் கூப்பிட்டார்.

"நீ அஞ்சு மணிக்குப் போயிட்ட. வேற எதுவும் உனக்குத் தெரியாது."

"சிஸ்டருக்கு வேல போயிடும் சார்."

"வாயத் தெறந்தா பொய்க் கையெழுத்துக்கு உன் பயிற்சி போயிடும். எங்க காலத்துல மூணு நாள் தூங்காம நின்னோம். யார்கிட்டயாவது சொன்னோமா?"

என் அப்பா பஸ் டிரைவர். எட்டு மணி நேரத்துக்கு மேல் டிப்போவில் அவரை ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அதில் அவருக்குப் பெருமை. அவரிடம் சொன்னேன்.

"இன்னும் எட்டு மாசந்தானேம்மா. பல்லக் கடிச்சுக்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றார்.

"ரெண்டு."

அவர் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடப் போனார். போட்ட சட்டைக்கே மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்றாம் மாடியில் விசாரணை. மனிதவள மேலாளர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்தக்காலம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு மணிக்கு மேல வார்டுல டாக்டரே இல்ல. யாரக் கேட்டுப் போட்டீங்க சிஸ்டர்?" என்றார் மேலாளர்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஊசியோடு நின்று பார்த்தாரே, அதே பார்வை. நான் ஒருமுறை சரிபார்த்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார். தினமும் எழுதிய பொய்யை இன்றைக்கு வாயால் சொன்னால் போதும்.

"என்னக் கேட்டுத்தான் போட்டாங்க மேடம். ஒன்பதான்னு திரும்பவும் கேட்டாங்க. நான்தான் அதட்டினேன். நான் வார்டுலதான் இருந்தேன்."

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"பொய். அதுக்கு முன்னாடி போட்டதும்."

பாட்டில் மூடி திருகுவது நின்றது. "ஒரு வருஷம் போச்சு உனக்கு" என்றார் அந்தக்காலம். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார்.

வராந்தாவில் சிஸ்டரிடம், "மன்னிச்சிருங்க" என்றேன்.

"நாலு நாள் ஆச்சு டாக்டர் உங்களுக்கு" என்றார். "நாலு நாளும் பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மருந்து கொடுக்க நேரமாகிவிட்டதென்று வார்டுக்கு இறங்கினார். நன்றி சொல்வார் என்று நான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

வாசல் மேசையில் 6.20 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"மேல பத்துப் பேரும் அஞ்சுன்னு போட்டிருக்காங்களே டாக்டர்?"

"அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க" என்றேன். "நான் நிஜமாவே போறேன்."