பெர்கொன்சி எழுத்தின் மெல்லிய கோடு

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. என் மூதாதை ஒத்தாவியோ பெர்கொன்சி வெட்டிய அச்செழுத்தைப் பற்றி எங்கள் பார்மா நகர மன்றம் இரண்டு பக்கம் கேட்டது. வீட்டுக் கதைகள் வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. ஆகவே வீட்டுக் கதையையே எழுதுகிறேன்.

‘எழுத்து என்பது ஒரு குடும்பத்தின்...’ இல்லை. பிரசங்கம். அடித்துவிட்டேன்.

2

1791. ஒத்தாவியோ எஃகு முனையில் எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். அந்த முனையைச் செம்பில் குத்தி, விழும் குழியில்தான் ஈய எழுத்து வார்ப்பார்கள். நிமிர்ந்த தண்டுகள் நல்ல தடிமன். குறுக்குக் கோடும் காலடிக் கோடும் முடியிழை அளவே. முனையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, படிந்த கரியைத் தாளில் ஒற்றிப் பார்த்தார். குறையில்லை.

(தவறு இங்கேதான். கரியை ஒற்றுவது விரல், அச்சடிப்பது திருகுப்பொறி. ஆனாலும் எழுத்து வெட்டுகிறவர்கள் தம் கரித்தடத்தைத்தான் நம்புவார்கள்.)

தம்பி செல்சோ எட்டிப் பார்த்தார்.

“தலைமுடி கணக்கா இருக்கேண்ணா. கொட்டப்போகுது.”

“உன் தலையப் பாத்துட்டுப் பேசு.”

செல்சோவுக்கு வழுக்கை.

3

இருநூறாம் தாளில் கொட்டியது. ஈய எழுத்துகளின் மெல்லிய கோடுகள் ஒடிந்து, வெறும் தண்டுகள் நின்றன. அச்சில் இருந்த டியூக் வீட்டுத் திருமண நூல் இரண்டு வாரத்தில் முடியாவிட்டால் வேலை டூரின் அச்சகக்காரர்களுக்குப் போய்விடும்.

“ஒரு கோட்டையும் தடிக்க விடமாட்டேன். போனாப் போகட்டும்” என்றார் ஒத்தாவியோ. அன்றே காய்ச்சலில் விழுந்தார்.

[காய்ச்சல் கதைக்கு வசதியாக வருகிறதே என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.]

ஒன்பது நாள் அவர் மாடியில் கிடந்தார். கீழே செல்சோ எஃகு முனைகளின் முகத்தைக் கல்லில் தேய்த்தார். முனையில் கோடு மேலே குறுகி அடியில் அகன்றிருக்கும்; முகம் தேயத் தேயத் தடிக்கும், அவ்வளவுதான். புதிதாகக் குழி குத்தி எழுத்து வார்த்து ஆயிரம் தாள் ஓட்டினார்.

4

பத்தாம் நாள் ஒத்தாவியோ இறங்கி வந்தார். ஆயிரமாவது தாளை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கோடும் ஒடியவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

“தாள மாத்தினியா?”

செல்சோ கையைத் துடைத்துக்கொண்டார். “ஆமாண்ணா. தாளுதான்.”

“அப்பவே சொன்னேன், எழுத்துல குத்தமில்லன்னு.”

“சொன்னீங்க.”

5

முதல் முடிவு: கோடு தடித்தது அண்ணனுக்குத் தெரியவில்லை. அப்படி எழுதினால் அவர் கண் மங்கியவர் ஆகிறார். ஒப்பமாட்டேன்.

இரண்டாவது: தெரிந்தேதான் கேட்டார். அப்படியானால் என் ரத்தத்தில் ஒரு பொய்யர்.

மூன்றாவது: தம்பியை அருகில் அழைத்து, நூலின் முகப்பில் இரண்டு பெயரையும்... நூல் எங்களிடம் இருக்கிறது. ஒரு பெயர்தான்.

மன்றத்துக்கு எதை அனுப்புவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். எங்கள் வீட்டில் கேட்டால் இன்றும் தாள் என்றுதான் சொல்வோம். செல்சோ வழியில் வந்தவர்கள் இன்னும் உரக்கச் சொல்வார்கள்.