ரசிகர் மன்றத்தின் மஞ்சள் கோட்டு

கல்யாணக் கோஷ்டி, கம்பெனிச் சுற்றுலா, தேர்தல் கும்பல் என்று எத்தனையோ பேரை என் பஸ்ஸில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். யாரைப் பார்த்தும் முகம் சுளித்ததில்லை. ரக்பி ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஏறினால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடகை பஸ் ஓட்டுகிறவள் ஆள் பார்த்தா ஏற்ற முடியும்? வெளியூர் ஆட்டம் என்றால் அவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் தலையில்தான் விடியும்.

முன்னால் இருக்கிற சாய்வு சீட்டெல்லாம் மன்றத்துக்கு. ஆடப்போகிற பையன்கள் கடைசி வரிசையில், இன்ஜின் சூட்டுக்கு மேலே, முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு வருவார்கள். ஜெயித்தால் 'நாம ஜெயிச்சோம்'. தோற்றால் 'பசங்க சொதப்பிட்டாங்க'. இந்த 'நாம'வில் ஒருத்தருக்காவது குனிந்து தன் ஷூ லேஸைக் கட்ட வருமா என்றால், வராது. தொப்பை விடாது.

அந்தக் கடைசி வரிசையில் ஒருத்தன் என் தம்பி. மின்சாதனக் கடையில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டுபோய் வைக்கிற வேலை. ஆளைப் பார்த்தால் கதவடைத்த மாதிரி இருப்பான், மனசு மட்டும் பச்சைப்பிள்ளை. மன்றம் அவனுக்கு வைத்த பெயர் பாறை. பெயர் வைக்கச் செலவில்லை பாருங்கள், அதனால் எல்லோருக்கும் தாராளமாக ஒவ்வொரு பெயர் வைத்திருந்தார்கள்.

ஊக்கம் கொடுக்கிறோம், ஊக்கம் கொடுக்கிறோம் என்று வாய் கிழியப் பேசுவார்கள். கொடுத்த லட்சணத்தைச் சொல்கிறேன். மன்றத் தலைவர் டயர் கடை வைத்திருப்பவர். ஆட்ட நாயகனுக்கு அவர் கடையில் கார் டயருக்குத் தள்ளுபடிக் கூப்பன். சைக்கிள்கூட இல்லாத என் தம்பி அப்படி ஒரு கத்தை சேர்த்து வைத்திருந்தான். அதற்கும் மேலே ஒரு பரிசு உண்டு. சட்டமிட்ட புகைப்படம். நடுவில் தலைவர், பக்கத்தில் செயலாளர், ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு வீரன்.

எல்லாவற்றுக்கும் உச்சம் மஞ்சள் கோட்டு. சீசன் முழுக்க எந்த ஆட்டத்திலும் பாதியில் களத்தை விட்டு இறங்காதவனுக்குத்தான் அது. விரல் உடைந்தாலும் இறங்கக் கூடாது, பல் விழுந்தாலும் துப்பிவிட்டு ஆடவேண்டும். முந்தைய வருஷம் கோட்டு வாங்கியவன் ஊன்றுகோலோடு மேடை ஏறினான். படத்தில் ஊன்றுகோல் விழாதபடி தலைவர் அவனை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பாசம் என்று நினைத்தவர்களும் உண்டு.

இந்த வருஷம் கோட்டுக்கு மிச்சமிருந்தது என் தம்பி ஒருவன்தான். இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் எதிரணிக்காரன் ஒருவனோடு மண்டையும் மண்டையும் மோதி விழுந்தான். எழுந்து ஆடி முடித்தான். மன்றம் தொண்டை கிழியக் கத்தியது. அதற்கப்புறம் வீட்டில் விளக்கைப் போட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டான். சாப்பிட்டு எழுந்தவன் கொஞ்ச நேரத்தில் வந்து சாப்பாடு எங்கே என்றான். தரைத்தளத்துக்குக் கொண்டுபோகவேண்டிய ஃப்ரிட்ஜை மாடி மாடியாகச் சுமந்து யார் வீட்டிலோ வைத்துவிட்டு வந்தான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மூளை கலங்கியிருக்கிறது, மறுபடி பரிசோதித்துச் சொல்லும்வரை ஆடவே கூடாது, இன்னொரு அடி பட்டால் பழைய ஆளாகத் திரும்ப வருவான் என்று உத்தரவாதம் இல்லை என்றார். அவன் என்னிடம் சத்தியம் செய்தான், ஆடமாட்டேன் என்று.

எனக்கு அவன் சத்தியத்தில் நம்பிக்கை உண்டு, மன்றத்தின் மேல்தான் இல்லை. நேராக டயர் கடைக்குப் போய்த் தலைவரிடம் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சுழல்நாற்காலியில் ஆடிக்கொண்டே கேட்டார். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லையே, அவங்கவங்க விருப்பம்தானே என்றார்.

"தலைவலி யாருக்கும்மா இல்ல? எனக்குக்கூடத்தான் தினம் இருக்கு. நான் கடைய மூடிட்டா போறேன்?"

"உங்க தலையில யாரும் முட்டலையே சார்," என்றேன்.

சிரித்தார். எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டு, உங்கக்கா வந்து அழுதாங்கப்பா, பாறைக்கு இப்படி ஒரு பேர் வரலாமா என்று போட்டுக்கொடுத்திருக்கிறார். அழுதேனாம். நானா?

தம்பி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான். அவன் என்னிடம் குரல் உயர்த்திப் பேசியவனே இல்லை. அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினான்.

"ஃப்ரிட்ஜ தூக்கிட்டு அத்தன மாடி ஏறுறேன். கதவத் தொறக்கறவங்க, செருப்ப வெளிய விடுன்னு சொல்றாங்க. அவ்ளோதான். அங்க மட்டும்தான்க்கா என்னப் பார்த்து நாலு பேரு எழுந்து நிக்கறாங்க. அதையும் கெடுத்துடாத."

அந்த நாலு பேர் யார், அவர்கள் லட்சணம் என்ன என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கதவைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத ஊர் அவனைக் கொண்டுபோய் இந்த வெத்துவேட்டுகளிடம் தள்ளிவிட்டிருக்கிறது.

கடைசி ஆட்டம் வெளியூரில். பஸ்ஸில் மஞ்சள் கோட்டுக்கென்று முன்வரிசையில் தனி சீட். தம்பி வழக்கம்போலக் கடைசி வரிசையில், ஜன்னல் வெளிச்சத்துக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் பாதியிலேயே அவன் தடுமாறினான். ஸ்க்ரம்மில் தோளோடு தோள் பிணைந்து தள்ளிவிட்டு எழும்போது மற்றவர்கள் பந்தைத் தேடினார்கள், இவன் தரையைத் தேடினான். அதைப் பார்க்க மன்றத்தில் யாருக்கு நேரம்? இடைவேளையில் பிஸ்கட் மேஜைக்குப் போனவர்கள் இரண்டாவது பாதி தொடங்கி நன்றாகச் சூடு பிடித்த பிறகுதான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளும் பக்கம் மாறிவிடும். ரக்பியில் அரிச்சுவடி இது. வருஷக்கணக்காக 'நாம ஆடுறோம்' என்கிற அந்தக் கூட்டத்துக்கு அது உறைக்கவில்லை.

அப்போது பந்து தம்பி கைக்கு வந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். தன் அணியின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடினான். எதிரணிக்காரர்கள் ஓடாமல் நின்றுவிட்டார்கள். அவனோடு ஆடுகிற பையன்கள்தான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். மன்றம் மொத்தமும் எழுந்து நின்றது.

"பாறை, பாறை," என்று ஒரே முழக்கம். செயலாளர் கைமைக்கில், இந்த சீசனிலேயே அருமையான ஓட்டம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். தம்பி தங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டு, இரண்டு கையையும் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தான். மன்றத்துக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். நடுவர் விசில் ஊதி எதிரணிக்கு அனுகூலமாகக் கையைக் காட்டியதும்தான் ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள். செயலாளர் கொஞ்சமும் கூசாமல், எதிரியைக் குழப்புகிற உத்தி என்று பூசி மெழுகினார்.

பயிற்சியாளர் மட்டும் விஷயம் புரிந்து, மாற்று ஆளை எழுந்து நிற்கச் சொன்னார். தலைவர் படியிறங்கிப் போய் அவர் தோளில் கைவைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம்தானே, விடுங்க. எறக்குனா கோட்டு போயிடும்."

அணிக்கு ஜெர்சி வாங்கிக்கொடுப்பது மன்றம். பயிற்சியாளர் மாற்று ஆளை உட்காரச் சொல்லிவிட்டார். நான் கம்பித் தடுப்புக்கு ஓடிப்போய்த் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தான். அதற்குப் பிறகு கடைசி விசில்வரை நான் எப்படி நின்றேன் என்று எனக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்களின் முதலுதவிப் பெண் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் தலைவரும் செயலாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒட்டிய கூடத்து மேடைக்கு நடத்திவிட்டார்கள். சின்ன விழாதானே, முடித்துவிட்டுப் போகலாமாம். கோட்டு அவனுக்குத் தோளிலேயே நின்றுவிட்டது. இருக்கட்டும், படத்துக்குத்தானே என்றார் புகைப்படக்காரர்.

மைக்கை அவன் வாயருகே நீட்டினார்கள். கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தவன், கடைசியில் என் முகத்தில் பார்வையை நிறுத்தினான்.

"அக்கா, ஆட்டம் எப்போ ஆரம்பிக்குது? என் ஜெர்சியக் காணோமே."

ஒரு மனுஷனுக்காவது உறைக்கும் என்று நான் நினைத்தேன். தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா? ஆடி முடிச்சும் ஆட்ட நெனப்புதான் இவனுக்கு. இதான் நம்ம பாறை."

கூடமே இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள். சில பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். நான் மேடை ஏறினேன். அந்தக் கோட்டை அவன் தோளிலிருந்து உருவித் தலைவர் கையில் திணித்தேன். நீங்களே போட்டுக்கோங்க சார், நீங்கதான் எதுக்கும் எறங்க மாட்டீங்களே என்றேன். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தேன். மன்றத்துக்காரர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

அவனை எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். வாசலில் செயலாளர், எங்களை விட்டுட்டுப் போனா எப்படிம்மா என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பையன்களை அப்புறம் வந்து ஏற்றிக்கொள்ளலாம், இவர்கள் நடந்து வரட்டும், தொப்பை கரையும். ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பினேன்.

தம்பி காலி சீட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கண்ணாடியில் தூரத்தில் ஓடிவருகிற கூட்டம் அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். என் முழங்கையைத் தொட்டான்.

"கொஞ்சம் நிறுத்துக்கா. அவங்க இன்னும் ஏறலையே. அவங்க இல்லாம அங்க போய் யாருக்காக ஆடுறது?"

நான் நிறுத்தவில்லை.