தலைகீழாக மேய்ந்த கூரை

தன் வீட்டுக் கூரையைத் தொடக்கூடாது என்று ஒரு மனுஷனை மரத்தடியில் உட்கார வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அதுவும் அவன் தொழிலே கூரை மேய்வது என்றால்?

சின்னையன் அப்படித்தான் புங்க மரத்தடியில், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தொன்றாம் வருஷம் ஆடியில் கொள்ளிடம் கரைமீறி வந்தபோது, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஆற்றோரம் இருந்த அவருடைய பன்னிரண்டு வீட்டுத் தெருவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து எல்லோரும் பள்ளிக்கூடத்து வராந்தாவில்தான் கிடந்தார்கள். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அவர் மகள் செல்லக்கிளிக்கும் ஐப்பசியில்தான் பிரசவம். அதற்குள் சொட்டாத கூரை ஒன்று வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

வீடு கட்டிக் கொடுக்கத் திருச்சி டவுனிலிருந்து ஒரு சேவைக் குழு வந்தது. ஒரு வக்கீல், இரண்டு காலேஜ் லெக்சரர்கள், பாங்கு ஆபீசர் ஒருவர், இப்படிப் பத்துப் பேர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, உள்ளங்கையில் கொப்புளம் கிளம்ப மண் சுமந்தார்கள். சுவர் எழும்பும்வரை ஒரு குறையும் இல்லை. கூரையில்தான் வந்தது வினை.

குழுவுக்குத் தலைவர் அற்புதசாமி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முப்பது வருஷம் பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்துப் பழகியவர், ஊரையும் அப்படியே நிற்க வைத்தார். புரட்டாசிக் கடைசி ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டு, "முகட்டுலேருந்து ஆரம்பிச்சுக் கீழே இறங்கிக்கிட்டே வாங்க. அப்பத்தான் கட்டி முடிச்ச கீத்தை மிதிக்க வேண்டியிருக்காது" என்றார். கேட்கக் கணக்கு மாதிரி சுத்தமாக இருந்தது. லெக்சரர்கள் தலையாட்டினார்கள். இவர்களோ அவரோ ஜென்மத்தில் கூரை வீட்டில் படுத்ததில்லை.

கூரையில் வேலை ஆரம்பித்ததும் சின்னையன் கிட்டே வந்தார்.

"ஐயா, கீழே எறவாண ஓரத்துலேருந்து மேஞ்சுக்கிட்டு மேல போகணுங்க. மேல் கீத்து கீழ்க் கீத்து மேல படுத்தாத்தான் தண்ணி வழிஞ்சு வெளியே போகும். இப்படிக் கட்டினா உள்ளாற எறங்கிடுங்க."

"ஏம்ப்பா, இது சேவை. நீ கை வச்சா கூலி வேலை ஆயிடும். போய் அந்த மரத்தடியில உக்காரு. முடிஞ்சதும் கூப்பிடறோம்."

எப்படிப்பட்ட திமிர் பாருங்கள்! அந்த வட்டாரத்தில் பாதி வீட்டுக்குக் கூரை போட்டவர் அந்த மனுஷன்.

அப்போது கூரைமேல் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தவன் சவரிநாதன். குழுவிலேயே சின்ன உத்தியோகம் அவனுக்குத்தான், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. சின்னையன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி என்று அவனுக்குத் தெரியும். துறையூர்ப் பக்கம் அவன் அப்பா அடைக்கலம் கூரை மேய்ந்துதான் அவனைப் படிக்க வைத்தார். பதினாறு வயது வரை அவனும் அப்பாவோடு முகடு ஏறியவன்தான். ஆனால் குழுவில் கேட்டபோது, "அப்பா விவசாயம்" என்று சொல்லி வைத்திருந்தான். வக்கீலும் லெக்சரரும் 'மிஸ்டர் சவரிநாதன்' என்று கூப்பிடுகிற சுகம் அவனுக்குப் புதுசு. அதை விட மனசு வரவில்லை.

சின்னையன் அண்ணாந்து அவன் கையையே பார்த்தார்.

"தம்பி போடறது பழகின முடிச்சு. எந்த ஊருங்க?"

"டவுன்தான்" என்றான் சவரிநாதன். அடுத்த கீற்றை, மேல் கீற்றின் நுனிக்கு மேலேயே வைத்துக் கட்டினான். தெரிந்தே கட்டினான்.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறுமாகப் பன்னிரண்டு வீட்டுக்கும் அப்படியே கூரை ஏறிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிறு திறப்பு விழா, சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று ஏற்பாடு. அதுவரை யாரும் கூரையைத் தொடக்கூடாது, தொட்டால் வீட்டுக்காரர் பெயரை வீடு ஒதுக்கிய லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவேன் என்று அற்புதசாமி தெருவுக்கே சொல்லிவிட்டார்.

விழாவுக்கு நாலு நாள் முன்பு பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். புதன்கிழமை குடிவந்தார்கள். வியாழக்கிழமை செல்லக்கிளிக்குப் பெண் பிறந்தது. சனிக்கிழமை மத்தியானம் பிடித்த மழை ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் விட்டது.

ஒன்பது மணிக்குக் குழு வந்து இறங்கியது. சின்னையன் வீட்டு வாசலில் சிவப்பு ரிப்பன், மாவிலைத் தோரணம். சவரிநாதன் குனிந்து உள்ளே போனான். மழை வெளியேதான் விட்டிருந்தது, உள்ளே விடவில்லை. தரை சேறாகக் கிடந்தது. அடுப்பில் தண்ணீர் நின்றது. மூலையில் கவிழ்த்த கூடைமேல் செல்லக்கிளி சுவரோடு சாய்ந்திருந்தாள், உதடு வெளுத்து நடுங்கிக்கொண்டு. அவள் அம்மா வீராயி குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்க அப்படியே நின்றிருக்கிறாள். குடைக்கடியில், செல்லக்கிளி மடியில், அந்த மூன்று நாள் குழந்தை.

பின்னாலேயே வந்த அற்புதசாமி அண்ணாந்து பார்த்தார்.

"புதுக் கூரை, முதல் மழைக்குக் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். போகப் போக இறுகிடும். பத்தரைக்குக் கார் வந்துடும். போட்டோ எடுக்கணும், இந்தக் குழந்தையையும் தாயையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, தரையில ஒரு பாயை விரிங்க."

சவரிநாதனுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

"பக்கத்து வீடும் நாம மேஞ்சதுதான் சார்."

"என்ன?"

"பன்னிரண்டு வீடும் இப்படித்தான் சார் ஒழுகுது. தலைகீழா மேஞ்சா ஒழுகாம என்ன செய்யும்? அவர் அன்னைக்கே சொன்னார். தொழில் தெரிஞ்ச மனுஷனை மரத்தடிக்கு விரட்டிட்டு, தெரியாத நாம ஏறி உக்காந்தோம். இது சேவையா சார்? பச்சைப் பிள்ளை மேல தண்ணி ஊத்திட்டு ரிப்பன் கட்டறதா சேவை?"

"மிஸ்டர் சவரிநாதன், கூரையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"எங்க அப்பா கூரை மேயறவர். நானும் மேஞ்சவன்தான்."

இதைச் சொன்னதும் நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது அவனுக்கு. கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிஷம் நிற்கவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னையன் உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை.

"அவங்களுக்குத் தெரியாது, கட்டினாங்க. தெரிஞ்ச நீங்க ஏன் தம்பி கட்டினீங்க?"

என்ன சொல்வான்? 'மிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள், அதனால் கட்டினேன் என்றா? ஹெட்மாஸ்டர் மேல் வந்த கோபமெல்லாம் திரும்பி அவன் மேலேயே விழுந்தது. விழ வேண்டிய இடமும் அதுதான்.

சின்னையன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். வழியில் குறுக்கே இருந்த ரிப்பனை அறுத்து, கயிறு குறையும்போது ஆகும் என்று மடியில் செருகிக்கொண்டார். ஏணி வைத்து ஏறி முதல் கீற்றைப் பிடுங்கினார். அதைப் பார்த்ததும் மற்ற வீட்டு ஆண்களும் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். லிஸ்டாவது ஒன்றாவது!

சவரிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

"நீங்க ஏற வேண்டாம் தம்பி" என்றார் சின்னையன் மேலேயிருந்து. "கீழ நின்னு கீத்தை எடுத்துக் குடுங்க."

அவன் காலை எடுத்தான். குனிந்து, சேற்றில் கிடந்த கீற்றை உதறித் தூக்கிக் கொடுத்தான்.

பத்தரைக்குச் சொன்னபடி கார் வந்து நின்றது. பெரிய மனிதர் இறங்கினார். தெரு முழுக்கக் கூரை பிரிந்து கிடந்தது. அற்புதசாமி கையில் மாலையோடு, "சின்னையா, இறங்கு. ஐயா வந்துட்டாங்க" என்று கத்தினார்.

சின்னையன் இறவாணத்தில் முதல் வரிசையைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்களை அந்தப் புங்க மரத்தடியில உக்காரச் சொல்லுங்க. நீங்களும் உக்காருங்க. முடிஞ்சதும் கூப்பிடறோம்."