போனில் சொன்ன அளவு

தெருவில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. "குளிக்கும்போதாவது கழட்டுவியா?" என்று கடன் குழுவில் கூட இருக்கும் சோப்புக்காரி ஒருநாள் கேட்டாள். "உன் சோப்புல நுரை வரட்டும், கழட்டுறேன்" என்றாள் இவள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மனசுதான் சரியில்லை. பிள்ளை ஏக்கம் ஆளை அரித்துக்கொண்டிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், ஆறு வயது மகள் குட்டியைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தவள் அவள். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தூரம். இங்கே ஆறு மாதம் தையல் பயிற்சி எடுத்தாள், குழுக் கடனில் ஒரு மெஷின் வாங்கினாள், ஒற்றை அறையைப் பிடித்தாள். மெஷினும் வெட்டுகிற மேசையும் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். "இன்னொரு ரூம் கெடைச்சதும் கூட்டிக்கறேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

நடுவில் ஒரே ஒரு தடவை பார்க்கப் போயிருந்தாள். கிளம்பும்போது குட்டி, அம்மா கழுத்து டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அக்கா விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. "அழாத தங்கம், துணி தச்சு அனுப்பறேன். அது சரியில்லன்னா நானே வந்து அளவெடுத்துத் தச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு போகவே பயம். கேட்டவர்களிடம் செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது, ஐந்து பேரில் ஒருத்தி வராவிட்டால் எல்லோருக்கும் கடன் தள்ளிப்போகும் என்றாள். செவ்வாய் போக வாரத்தில் ஆறு நாள் இருக்கிறதே தாயே, யாரை ஏமாற்ற?

போகவில்லையே தவிர கவுன் தவறாமல் போயிற்று. போனில் அளவு கேட்பாள், அந்தப் பக்கம் குட்டியே டேப் பிடித்து அளந்து சொல்வாள். முதல் கவுன் தோளில் பிடித்தது. இரண்டாவதில் கை முழங்கை தாண்டித் தொங்கியது. மூன்றாவதில் தலையே நுழையவில்லை. தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் பள்ளி உடுப்பும் அவள் கையில் கச்சிதமாக அமைந்தது, பெற்ற பிள்ளைக்கு மட்டும் கோணல். பயிற்சி கொடுத்த டீச்சரிடம் போய்ப் புலம்பினாள். "வாயால சொன்ன அளவை நம்பித் துணியில கத்திரி வெக்கலாமா? முதல் நாளே சொன்னேனா இல்லியா?" என்று டீச்சர் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

நாலாவது கவுனுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. "ஏண்டி, கையால தைக்கிறியா காலால தைக்கிறியா? இதுவும் பத்தல. இங்க ஒரு டெய்லர்கிட்ட ஸ்கூல் உடுப்புக்கு அளவு குடுத்தோம். அந்தச் சீட்டைப் படிக்கறேன், எழுதிக்க."

எழுத எழுத அவள் கை நின்றது. குட்டி போன வாரம் சொன்ன அளவுக்கும் இதற்கும் ஒரு எண் கூட ஒட்டவில்லை. தோளில் மட்டும் இரண்டு அங்குலம் வித்தியாசம்.

"போனை அவகிட்ட குடுக்கா."

குட்டி வந்தாள்.

"ஏன் கண்ணு தப்புத் தப்பா அளவு சொன்ன?"

குட்டி சின்னக் குரலில் சொன்னாள், "சரியா சொன்னா கவுன் சரியா இருக்கும்ல. அப்புறம் நீ வரவே மாட்ட."

டேப்பக்கா போனை வைத்துவிட்டு மெஷின் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். இரண்டு கவுனுக்குத் துணி வெட்டி வைத்திருந்தாள், இரண்டும் நனைந்தன. அழுது முடித்து எழுந்தவள் கழுத்திலிருந்த டேப்பை உருவி, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் நீட்டினாள். ஐம்பத்தோரு அங்குலம். ஊரையே அளந்தவள் அதுநாள் வரை தன் அறையை அளந்ததில்லை.

மறுநாள் செவ்வாய். இன்னொரு அறைக்கும் இன்னொரு மெஷினுக்குமான பெரிய கடனுக்கு ஐந்து பேரும் கையெழுத்துப் போடவேண்டிய நாள். காலையிலேயே பையும் கையுமாக சோப்புக்காரி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்குன்னு பாத்தா கெளம்புவ? நீ போடலன்னா நாலு பேருக்கும் ஒரு மாசம் தள்ளிப்போகும், தெரியுமில்ல?"

"தெரியும். திட்டணும்னா திட்டிக்க."

சோப்புக்காரி ஆசை தீரத் திட்டினாள். திட்டி முடித்து உள்ளே போய் ஒரு சோப்பை எடுத்துவந்து அவள் பைக்குள் போட்டாள். "உன் பொண்ணுக்கு. நல்லாவே நுரை வரும்" என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. குட்டி ஓடிவந்து கட்டிக்கொண்டாள், இடுப்புயரம் இருந்தவள் நெஞ்சுக்கு வந்திருந்தாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளைச் சுவரோரம் நிறுத்தினாள் டேப்பக்கா.

"நம்ம வீட்டுல மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல ஐம்பத்தோரு அங்குலம் இருக்கு. நீ அதுல படுக்க முடியுமான்னு பாப்போம்."

குட்டி சட்டென்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள்.

"மடக்காதடி. நிமிந்து நில்லு. இந்தத் தடவை எனக்குச் சரியான அளவு வேணும்."

குட்டி பயந்துகொண்டே நிமிர்ந்தாள். அக்கா கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பின் நுனியைக் குதிகாலுக்கடியில் வைத்து உச்சந்தலை வரை இழுத்தாள் டேப்பக்கா.

"ஐம்பது," என்றாள். "ஒரு அங்குலம் மிச்சம்."

"நான் இன்னும் வளந்துட்டா?"

"வளரு. மெஷினை நகத்திக்கலாம்."