நாற்பது ஃபைலிலும் பாஸ்கரன்

பாஸ்கரனுக்கு வேலை வராது, பெயர் போட வரும். எந்த ஃபைலைத் தொட்டாலும் அதன் தலையில் 'திருத்தியவர்: பாஸ்கரன்' என்று தேதியோடு எழுதாமல் விடமாட்டார். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அந்த மகானுபாவர்தான் தலைவர். பொற்கொடி அவருக்குக் கீழே ஆறு மாதமாகப் பயிற்சியில் இருந்தாள். வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த வெள்ளிக்கிழமை வர வேண்டும். பாஸ்கரன் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னால் வராது.

2009 கடைசியில் சர்வரில், பக்கங்கள் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியின் புதிய பதிப்பை ஏற்றினார்கள். லாரி எண் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் 'எரெக்' என்ற கட்டளை காலாவதியாகிவிட்டது, மாற்றுங்கள் என்று, லாரிகளை உள்ளே விடும் கேட் பாஸ் பக்கமெங்கும் எச்சரிக்கை வந்து விழுந்தது. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்கப் பொற்கொடி இரண்டு நாள் கேட்டாள்.

"ரெண்டு நாளா? இதுக்கா? நவுரும்மா," என்றார் பாஸ்கரன்.

'எரெக்' இருந்த நாற்பது ஃபைலிலும் ஒரே தட்டில் அதைப் புதிய கட்டளையான 'பிரெக்' ஆக்கினார். புதியதற்கு, தேடும் வடிவத்தின் இரு முனையிலும் சாய்கோடு போட வேண்டும். அவள் சொன்னாள், துரை கேட்டால்தானே. எச்சரிக்கை மறுபடியும் வந்தது. எச்சரிக்கை காட்டுவதையே அணைத்துவிட்டு, "பாத்தியா, க்ளீன்," என்று டீ குடிக்கப் போனார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம்.

மறுநாள் காலை கேட்டுக்குள் ஒரு லாரியும் நுழையவில்லை. தமிழ்நாட்டு எண்ணோ கர்நாடக எண்ணோ, எதைத் தட்டினாலும் 'எண் தவறு' என்றது. வரிசை மெயின் ரோடு வரை நின்றது. மேனேஜர் ராமப்பன் மூச்சிரைக்க வந்தார்.

"யாருய்யா இதுல கை வெச்சது?"

"இந்தப் பொண்ணுதான் சார். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல," என்றார் பாஸ்கரன், நாக்குக் கூசாமல்.

த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா. பொற்கொடி, அவர் அணைத்த எச்சரிக்கையைத் திரும்பப் போட்டு, ஒரு லாரி எண்ணைத் தட்டினாள். தப்பு எந்த ஃபைலில், எத்தனையாவது வரியில் என்று திரையில் வந்தது. அந்த ஃபைலைத் திறந்தாள்.

ராமப்பன் முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். நேற்றைய தேதி இருந்தது. அடுத்ததைத் திறக்கச் சொன்னார், அதற்கடுத்ததையும், இப்படியே கடைசி வரை.

"நாப்பதுலயும் உன் பேருதான்யா இருக்குது."

ராமப்பன் பொற்கொடி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இதை எத்தனை நாள்ல முடிப்ப?"

"ரெண்டு நாள்ல முடிச்சிருவேன் சார்."

"முடி. லெட்டரை வெள்ளிக்கிழமை எங்கிட்டயே வாங்கிக்க." ராமப்பன் மேஜையிலிருந்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "பாஸ்கரா, அதுவரைக்கும் நீ கேட்டுல நின்னு லாரி நம்பர் எழுது. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் உன் பேரைப் போட மறந்துறாத."